சரிவில் குடியிருந்தவர்கள்

1

திண்டுக்கல்லில் பூகோள வாத்தியாராக இருக்கும் என் அண்ணன் போன வாரம் வாட்ஸப்பில் சில கேள்விகள் அனுப்பியிருந்தான். அவன் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் அயல்நாட்டுத் தலைநகரங்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறதாம். கண்டி மத்திய மாகாணத்தின் தலைநகரம், அதற்கு முன்னால் ராஜா இருந்த தலைநகரம், நீ அங்கேதானே இருக்கிறாய், யார் யார் வாழ்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், எப்படிப்பட்ட வீடுகளில் இருக்கிறார்கள் என்று எழுது என்றான். மக்கள்தொகைக் கணக்கை அவனே எடுத்துக்கொள்வானாம். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் போதுமாம்.

அவன் கேட்ட நேரம், மழை பெய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இங்கே ‘மழை’ என்று சொன்னாலே எந்த மழை என்று யாரும் கேட்பதில்லை. கொத்மலையிலிருந்து கம்பளை வரை, ஹந்தானையிலிருந்து எங்கள் சந்து வரை, எல்லாருக்கும் அந்த ஒரு மழைதான். அதை விட்டுவிட்டு இந்த ஊரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு அனுப்பியதில் பாதியை அவன் போட மாட்டான். அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

2

கண்டி ஒரு கிண்ணம் போன்ற ஊர். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சமதரை. அதைக் குளமும் புத்தரின் பல்லை வைத்து வணங்கும் தலதா மாளிகையும் மார்க்கெட்டும் பஸ் நிலையமும் பெரிய பள்ளிக்கூடங்களும் என்றைக்கோ எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சமிருப்பது சரிவு. மனிதர்கள் சரிவில்தான் குடியிருக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் உச்சியில் வீடு கட்டிக் குளத்தைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் நடுவில், மண்ணை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு சுவர் எழுப்பி, சுவருக்கு முன்னால் சமையலறை வைத்துக்கொள்கிறார்கள்.

பகலில் பார்த்தால் பெரிய நகரம். பள்ளிப் பிள்ளைகளின் வேன்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மாளிகைக்கு வெள்ளை உடுத்தி வந்தவர்கள், சம்பளம் வாங்கிய கையோடு துணி எடுக்க வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள். மாலையானால் மடுல்கெல்ல பஸ்ஸும் புசல்லாவை பஸ்ஸும் அவர்களைத் திரும்ப அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு ஊர் சின்னதாகிவிடும்.

எங்கள் சந்தில் எல்லாரும் இருந்தார்கள். மேல் பக்கத்தில், மலையை வெட்டிய வெட்டின் உச்சியில் ஓய்வு பெற்ற சிங்களப் போஸ்ட்மாஸ்டர். சந்தின் கீழ் முனையில் ஆட்டோ ஓட்டும் நிமல், அவன் மனைவி குமாரி, இரண்டு சின்னப் பிள்ளைகள். நடுவில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர். எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்று சொல்லிவிட்டுத்தான் யோசிப்பார். அவருக்கு அடுத்தது எங்கள் வீட்டுக்கார அம்மா நாச்சியாவின் வீடு. சந்தின் மட்டத்தில் அவர், அவருக்குக் கீழே படியிறங்கினால் நாங்கள். மேல் முனையில் பள்ளிவாசல்.

வாடகைக்குக் கேட்டுப் போன முதல் நாள், கடைக்காரர் “தாத்தா வருவாங்க, திறப்புத் தருவாங்க, நில்லுங்க” என்றார். ஒரு கிழவரை எதிர்பார்த்து அரை மணி நேரம் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண்மணி பொறுமையிழந்து சாவியைக் கையில் கொடுத்தார். இங்கே முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. அன்றிலிருந்து எனக்கும் அவர் நாச்சியா தாத்தாதான். கணவர் இல்லை, மகன் கத்தாரில்.

மகன் மட்டுமில்லை. சந்தில் இளைஞர்கள் என்று எண்ணினால், பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கொரியா, டுபாய், ருமேனியா. எல்லாரும் போகப் பார்க்கும் ஊருக்கு நான் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று குமாரி கேலி செய்வாள். பழைய ராணிகளும் மதுரைப் பக்கத்திலிருந்துதானே இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. அதைச் சொல்லும் அளவுக்குச் சிங்களம் வராது.

3

என் கணவர் சேவியர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பெரியம்மா குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பி வந்து எங்கள் ஊரில் குடியேறியது. அந்த வழியில் வந்த சம்பந்தம். பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருக்கிறார். பேச்சில் எங்களுக்குள் வித்தியாசமே கிடையாது. அவர் கதிரை என்பார், நான் நாற்காலி என்பேன், அவ்வளவுதான். ஆனால் கந்தோர் என்று இங்கே சொல்லும் அலுவலகங்களில் அவர் சின்ன வயதிலிருந்து நின்ற நிலை எனக்குத் தெரியாது. எங்கள் மகள் ஜெனியைச் சிங்கள மொழியில் படிக்கப் போட்டபோது நான் சண்டை பிடித்தேன்.

“அவ யார் முன்னாடியும் கைகட்டி நிக்கக் கூடாது ரோஸ்,” என்றார். “யாராச்சும் கூட வந்து பேசிக் குடுப்பாங்களான்னு வாசல்ல காத்துக்கிட்டு நிக்கக் கூடாது.”

நானே வருடா வருடம் விசா நீட்டிக்கப் போகும்போது அப்படித்தான் நிற்கிறேன். கணவனோடுதான் வாழ்கிறேன் என்று கிராம சேவகரிடம் ஒரு கடிதம், போலீசில் ஒரு கடிதம், பிறகு கொழும்புக்குப் பயணம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேட்பதில் பாதி புரியும். பதில் சொல்ல நாக்கு எழாது. ஜெனி சின்னவளாக இருக்கும்போதே எனக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அவள் வளர வளர, வேறு ஏதோ ஆனது. பஸ்ஸில் நான் தமிழில் கூப்பிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கைப்பேசியில் சிரிப்பதெல்லாம் சிங்களத்தில். மாமாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுது என்றால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள்.

அந்தச் சனிக்கிழமை காலையும் அதற்குத்தான் சண்டை. மூன்று நாளாக மழை விடவில்லை. சேவியர் முந்தின நாள் வேலைக்குப் போனவர், ஆற்றில் வெள்ளம் ஏறிப் பாதை மூடிவிட்டதால் பல்லேகலையிலேயே தங்கிவிட்டார். ஜெனிக்கு டவுனில் கணக்கு வகுப்பு. நம்மூர்ப் பத்தாவது மாதிரியான ஓ.எல் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள்தான். சிநேகிதியிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பு உண்டு என்றாளாம் அவள். போகாதே என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

“வீட்டுக்குள்ளயாவது தமிழ்ல பேசு.”

“உங்களுக்குத்தான் அம்மா வெளங்கல. எனக்கு எல்லாம் வெளங்குது,” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு படியேறிப் போனாள். இடியாப்பம் தட்டில் அப்படியே இருந்தது.

4

முற்பகலில் மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் போனது. சமையலறைக்குப் பின்னால் இருந்த கல் சுவரில், தண்ணீர் வடிய விட்டிருந்த குழாய்களில் எப்போதும் தெளிந்த நீர் சொட்டும். அன்றைக்குச் சேறாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. மழை கொட்டுகிறது, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நாச்சியா தாத்தா படியிறங்கி வந்தார். முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது.

“ரோஸ், ரோட்டப் பாத்தீங்களா? நடுவால வெடிச்சீக்கி. இனி இதுக்குள்ள நிக்க ஏலா. வாங்க, பள்ளிவாசலுக்குப் போவம்.”

“ஜெனி டவுன்ல இருக்கா தாத்தா. நம்ம இல்லன்னா நேரா இங்கதான் எறங்கி வருவா.”

“புள்ள வந்தா நான் நிப்பாட்டுறன். நீங்க வாங்க.”

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. கையில் கிடைத்த குடையை எடுத்துக்கொண்டு கீழ் முனை வழியாக டவுனுக்கு நடந்தேன். பஸ் இல்லை. ரோடே வாய்க்காலாக ஓடியது. குளத்தோரம் கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தார்கள். பஸ் நிலையத்தில் பைகளோடு ஜனங்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். வகுப்பு நடக்கும் இடம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே. நான் போய்ச் சேர்ந்தபோது வாத்தியார் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். “ஒக்கொம கியா,” என்றார். எல்லாரும் போய்விட்டார்கள்.

எந்த வழியாகப் போனாள், எப்போது போனாள் என்று கேட்கத் தெரியவில்லை. திரும்பி ஓடினேன்.

எங்கள் சந்துக்குத் திரும்பும் வளைவுக்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. டிப்பர் லாரி ஜல்லி கொட்டுவது மாதிரி, ஆனால் கொட்டி முடியாமல் நீண்டுகொண்டே போனது. பிறகு நாய்கள். பிறகு மனிதர்கள்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டின் கீழே இருந்த வெட்டு முழுவதும் இறங்கியிருந்தது. அவர்கள் காலையிலேயே மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. சந்து இருந்த இடத்தில் சிவப்பு மண். நாச்சியா தாத்தாவின் வீட்டு முன்பக்கம் மடங்கிக் கிடந்தது. அவருடைய நீலத் தண்ணீர்த் தொட்டி எங்கேயோ கீழே, வாழைகளுக்கு நடுவில். எங்கள் படிகளைக் காணவில்லை. எங்கள் சமையலறை ஜன்னல் மட்டும் மண்ணுக்கு மேலே பாதி தெரிந்தது. அறுந்த வேர்களின் வாசனை அடித்தது. மண் சரிவு சந்தை இரண்டாக வெட்டிவிட்டது. பள்ளிவாசல் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

ஒரு போலீஸ்காரர் குறுக்கே கயிறு பிடித்துக்கொண்டு நின்றார். நிமலும் சந்தின் ஆண்கள் இன்னும் மூன்று பேரும் அவருக்குப் பக்கத்தில். நான் அவர்களைப் பார்த்துக் கத்தினேன்.

“மகே துவ எத்துளே.”

என் மகள் உள்ளேயா என்று கேட்க நினைத்தேன். சிங்களத்தில் கேள்விக்குக் கடைசியில் ஒரு ‘த’ வர வேண்டும். அது வரவில்லை. அது இல்லாமல் நான் சொன்னது, என் மகள் உள்ளே இருக்கிறாள் என்பது.

நிமல் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். செருப்பைக் கழற்றினான். குமாரி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, கயிற்றுக்குக் கீழே குனிந்து போனான். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். போலீஸ்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சத்தம் போட்டார். பிறகு அவரும் கயிற்றை விட்டுவிட்டு மண்வெட்டி தேடப் போனார்.

மேலே ஒரு பலாமரம் பாதி வேர் வெளியே தெரியச் சாய்ந்து நின்றது. அதன் அடியிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்துகொண்டிருந்தன. நிமல் எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்து வளைத்து, தலையை உள்ளே விட்டான். “ஜெனீ,” என்று கூப்பிட்டான். நானும் கூப்பிட்டேன். குமாரி கூப்பிடவில்லை, அவள் பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமலின் உடம்பு இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்குள் போனது. பிறகு கால்களும் போயின. மற்றவர்கள் கையாலேயே மண்ணைத் தள்ளினார்கள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

மண்ணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மழைச் சத்தத்தில் முதலில் யாருடையது என்று பிடிபடவில்லை. பச்சைக் குடைகளுக்கு நடுவே ஜெனி நின்றாள், நாச்சியா தாத்தா அவளுடைய பையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தார். மார்க்கெட் பக்கத்துக் குறுக்குப் படி வழியாக ஏறி வந்தவளைப் பள்ளிவாசல் முனையிலேயே அவர் மறித்து உள்ளே இழுத்துப் போயிருக்கிறார். அம்மா வீட்டில் இருப்பாள் என்று திமிறியவளை விடவே இல்லையாம்.

அவள் முதலில் என்னைக் கூப்பிடவில்லை. “நிமல் ஐயே,” என்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள். நான் இங்கே இருக்கிறேன், உள்ளே யாரும் இல்லை, வெளியே வாருங்கள், மரம் வருகிறது, வெளியே வாருங்கள் என்று தொண்டை கிழிய, மூச்சு விடாமல், சிங்களத்தில். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஆட்கள் வெளியே வந்தார்கள். கடைசியாக நிமல், ஜன்னலிலிருந்து பின்பக்கமாக ஊர்ந்து, முகமெல்லாம் சேறாக. அவர்கள் கயிற்றைத் தாண்டி வந்து, யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது பலாமரம் இறங்கியது. அதற்குப் பிறகு அந்த ஜன்னல் தெரியவில்லை.

யாருக்கும் காயமில்லை. குமாரி அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.

5

சுற்றிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் மண்டபத்தில் சேர்ந்தோம். சந்து முழுவதும் அங்கேதான், எல்லா மதமும். சேவியர் மறுநாள் வெள்ளம் வடிந்ததும் நடந்தே வந்து சேர்ந்தார். என்னையும் ஜெனியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு தூணோரம் உட்கார்ந்து அழுதார்.

கிராம சேவகர் பெயர் எழுத வந்தார். பாவம், அவரும் எங்களைப் போல மழையில் நனைந்த அதே உடுப்பில்தான் இருந்தார். என் முறை வந்ததும் பேனா நின்றது. வெளிநாட்டவரை இதில் எழுதலாமா, வேறு எங்காவது அறிவிக்க வேண்டுமா என்று அவருக்கே தெரியவில்லை. பாஸ்போர்ட் எங்கே என்றார். மண்ணுக்கு அடியில் என்றாள் ஜெனி. விசா? அதுவும் அதிலேதான். கடைசியில் மனைவி என்று மட்டும் எழுதிக்கொண்டு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்றார். அந்த ‘பிறகு’ பல மாதம் ஓடியது. போலீஸ் முறைப்பாடு, புதுப் பாஸ்போர்ட், அதற்குப் பிறகு விசா. அதற்கிடையில், இடிந்துபோன வீட்டு முகவரியில் நான் குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். இப்போது குண்டசாலையில் சமதரையில் ஒரு வாடகை வீடு. சேவியரின் சம்பளத்தில் பாதி அதற்குப் போகிறது. நாச்சியா தாத்தா மகனிடம் போக மாட்டேன் என்று தங்கை வீட்டில் இருக்கிறார். சந்தில் இனிமேல் யாரும் கட்டக் கூடாதாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது மண்டபத்தைப் பற்றி. குமாரியின் பாய் எங்கள் பாயிலிருந்து இரண்டு பாய் தள்ளி. அவள் என் பக்கம் பார்ப்பதில்லை. தேநீர் வாளி வரும்போது நான் எழுந்தால் அவள் உட்கார்ந்துவிடுவாள். நிமல் வழக்கம்போல் சிரித்தான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பகல், பெண்கள் எல்லாரும் சமையலுக்குப் போஞ்சி, அதாவது பீன்ஸ், நறுக்கிக்கொண்டிருந்தபோது ஜெனியைக் கூட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன சொல்லணும்?” என்றாள் ஜெனி.

“நான் கேக்கத்தான் நெனச்சேன், வார்த்த மாறிப்போச்சுன்னு சொல்லு.”

ஜெனி சொன்னாள். நான் கொடுத்ததைவிட நீளமாகவே சொன்னாள். குமாரி கத்தியைக் கீழே வைத்தாள். ஜெனியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பேசினாள். சத்தமில்லாமல், நிதானமாக.

முடிந்ததும் ஜெனி என் பக்கம் திரும்பினாள். “பயந்துட்டாங்களாம் அம்மா. இப்ப ஒன்னும் இல்லயாம். பரவாயில்லயாம்.”

குமாரி அப்படிச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னாள். அந்த மரம் அவன் முதுகில் விழுந்திருந்தால் நீ அவர்களை வளர்ப்பாயா என்று கேட்டாள். இத்தனை வருஷம் எங்கள் நடுவில் இருந்தும் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லையா என்று கேட்டாள். எனக்கு எல்லாம் புரிந்தது. சந்தையிலும் விசா ஜன்னலிலும் பாதி புரியாத மொழி அன்றைக்கு ஒரு சொல் மிச்சமில்லாமல் புரிந்தது.

“அவங்க அதச் சொல்லல,” என்றேன்.

ஜெனியின் முகம் மாறியது. என் கையைப் பிடித்தாள். “விடுங்கம்மா.”

நான் விடவில்லை. இருந்த சிங்களத்தை வைத்து நானே பேசினேன். வினைச்சொற்கள் எல்லாம் தப்பு என்று தெரியும். வார்த்தை மாறியது உண்மை என்றேன். ஆனால் உன் கணவன் குனிந்து போகும்போதே நான் சொன்னதை அவர் தப்பாக விளங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ‘தெரியாது’ என்ற சொல் எனக்குத் தெரியும், தினமும் மார்க்கெட்டில் சொல்கிற சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். நான் சொல்லவில்லை. ஜெனி உள்ளே இருந்தாலும் இருப்பாள் என்று நினைத்தேன். யார் வீட்டு ஆண் போனாலும் போகட்டும் என்று இருந்தேன்.

பக்கத்தில் போஞ்சி நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. ஜெனி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். குமாரியின் சின்னவன் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

“மமத்,” என்றாள்.

நானும் என்று அர்த்தம்; நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்கிறாள். சின்னவனின் காலைத் தூக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எனக்கு இன்னும் நெருங்கி உட்கார இடம் விட்டாள். ஜெனி எழுந்து போய் எங்களுக்கு இன்னொரு கத்தி வாங்கி வந்தாள்.